சரித்திரப் பதிவேடு: காவல் நிலையம் எழுதிய வரலாற்றை வாசிப்பது எப்படி?

தில்லியில் முதுகலை வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னைச் சந்திக்க வந்தார். வட இந்திய மாவட்டம் ஒன்றில், ஒரு காலத்தில் ‘குற்றப் பழங்குடி’ என்று அறிவிக்கப்பட்டிருந்த சமூகத்தைப் பற்றி அவர் ஆய்வேடு எழுதி வருகிறார். “அந்தச் சமூகத்தாரின் குற்றப் பதிவுகளைப் பொதுவெளியில் எங்கே தேடிப் பார்க்கலாம்?” என்பது அவர் கேள்வி. ஏற்கெனவே கொஞ்சம் தேடியும் இருந்தார். காவல்துறையின் இணையதளத்திலிருந்து முதல் தகவல் அறிக்கைகளை எடுத்து, பெயர், தந்தை பெயர், ஊர், குற்றப்பிரிவு எனப் பத்திகள் பிரித்து நேர்த்தியான அட்டவணை ஒன்றைத் தயாரித்திருந்தார். அதன் தலைப்பு: ‘குற்றப் பின்னணி உடையோர்’.

“இவர்களில் எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள்?” என்று கேட்டேன். அதை அவர் பார்க்கவில்லை. இருவரும் அமர்ந்து, முதல் ஐந்து பெயர்களை மட்டும் நீதிமன்றங்களின் இணையதளத்தில் தேடினோம். ஒருவர் விடுதலை. இன்னொருவரின் வழக்கு சாட்சி விசாரணையில் நிற்கிறது. மற்ற மூவரின் பெயரில் எந்த வழக்கும் அங்கே கிடைக்கவில்லை. அட்டவணையின் தலைப்பை அவரே அழித்தார்.

அவருடைய கேள்வி தவறானதன்று. அது சிக்கலாவதற்குக் காரணம், இந்தியாவில் ‘குற்றப் பதிவு’ என்ற ஒற்றைப் பொருளே இல்லை என்பதுதான். காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, ஆவணக் காப்பகம் என நான்கு இடங்களில், நான்கு வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்ட ஏடுகள் உள்ளன. எந்த ஏடு யாருக்காக எழுதப்பட்டது என்பதை அறியாமல் தேடுபவர், குற்றம் சாட்டப்பட்டவரையும் குற்றவாளியையும் ஒரே பத்தியில் எழுதிவிடுவார். ஆகவே எங்கே தேடுவது என்பதைச் சொல்லுமுன், இந்த ஏடுகள் எப்படிப் பிறந்தன என்பதைச் சொல்ல வேண்டியுள்ளது.

1860–61ஆம் ஆண்டுகளில், ஓராண்டு இடைவெளிக்குள் மூன்று சட்டங்கள் வந்தன: இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் சட்டம். காவல் சட்டத்தின் 44ஆம் பிரிவு ஒவ்வொரு நிலையமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றது. நடைமுறைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, குற்றம் குறித்து வரும் தகவலை எழுத்தில் பதியச் சொன்னது. இன்றைய முதல் தகவல் அறிக்கையின் மூதாதை அதுவே. அந்தப் பிரிவு பின்னர் 154ஆகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவாக உள்ளது.

தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வேறொரு தேவையை உருவாக்கியது. முன்பு தண்டனை பெற்ற ஒருவர் சில வகைக் குற்றங்களை மீண்டும் செய்தால் கூடுதல் தண்டனை விதிக்கலாம் என்றது அது. அப்படியானால் இன்று கூண்டில் நிற்பவரும் பத்தாண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் வேறு பெயரில் தண்டனை பெற்றவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஊரையும் மாற்றிச் சொல்லலாம். இந்தச் சிக்கலுக்கு விடைதேடிய வங்காளக் காவல்துறை முதலில் உடலுறுப்புகளை அளந்தது. பிறகு விரல்ரேகைக்கு வந்தது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு அமைந்தது. வகைப்படுத்தும் முறை எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. அதன் கணக்கையும் துணைப்பிரிவுகளையும் வகுத்ததில் பெரும்பங்காற்றியவர்கள் அவருக்குக் கீழ் பணியாற்றிய அஜீஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்கள்.

அடுத்த ஆண்டே அந்த முறை சோதனைக்கு வந்தது. 1898இல் ஜல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். பணமும் களவு போயிருந்தது. அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின்மேல் இரத்தக் கறையோடு ஒரு விரல்தடம். கல்கத்தாப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, முன்பு திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒரு பழைய பணியாளரின் ரேகையோடு அது பொருந்தியது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை அந்தக் கை அங்கே பட்டது என்பதைத்தான் சொன்னது. கொன்றது அந்தக் கையா என்பதை அது சொல்லவில்லை. ஒரு பதிவு எதுவரை பேசும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை அந்த நீதிமன்றம் அன்றே பிரித்துப் பார்த்தது. பதிவேடுகளை வாசிக்கும் நாமும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்ன பதிவுகளில் முதலில் ஒரு குற்றம் நிகழும். பிறகு அது ஏட்டில் ஏறும். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. ஒரு பழங்குடியோ கூட்டமோ வகுப்பினரோ பிணையில் விட இயலாத குற்றங்களை வழக்கமாகச் செய்கின்றனர் என்று மாகாண அரசு நம்பினால் போதும். தலைமை ஆளுநரின் இசைவோடு அறிவிக்கை வெளியிடலாம். அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. அறிவிக்கை வந்தபின் அந்தச் சமூகத்தார் பதிவேட்டில் ஏற வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் சொல்ல வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் எல்லை தாண்டக் கூடாது. திருநர்களைப் பதிவு செய்யும் பகுதியும் அதே சட்டத்தில் இருந்தது. தொடக்கத்தில் வட இந்தியப் பகுதிகளுக்கும் பின்னர் வங்காளத்துக்கும் பொருந்திய இச்சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நாடு முழுமைக்கும் விரிந்தது. விரல்ரேகை எடுப்பதும் அதில் சேர்ந்தது. தமிழ் நிலத்தில் இதை ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் அழைத்ததன் பொருள் இதுவே. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்கள், ஒரு பதிவேட்டில் ரேகை வைக்க மறுத்தவர்கள்.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இலும், நாடு முழுமையும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் நீங்கியது. ஆனால் பல மாநிலங்கள் ‘வழக்கமான குற்றவாளிகள்’ பற்றிய சட்டங்களை இயற்றின. அவை சமூகத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை, தனிமனிதரைத்தான் குறித்தன. என்றாலும் கையாண்ட நிலையமும் காவலரும் மாறவில்லை. பழைய ஏட்டின் பெயர்கள் புதிய ஏட்டுக்கு எளிதில் இடம்பெயர்ந்தன.

காவல் நிலையத்தில் உள்ள ஏடுகளில் நம் கவனத்துக்கு மிக உரியது, தமிழில் ‘சரித்திரப் பதிவேடு’ எனப்படுவது. வரலாறு பயில்வோரை இச்சொல் சற்றே துணுக்குறச் செய்ய வேண்டும். அரசரல்லாத, நிலவுடைமையற்ற, எழுத்தறியாத ஒருவரின் ‘சரித்திரத்தை’ அரசு எழுதிவைத்த இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். அதில் இடம்பெறத் தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை. இவர் கண்காணிக்கத் தக்கவர் என்று காவல் அதிகாரி கருதினால் போதும். நன்னடத்தைப் பிணை கேட்கும் 110ஆம் பிரிவு நடவடிக்கையில், ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதை ‘பொதுவான பெயர்’ கொண்டே, அதாவது ஊரார் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கொண்டே, மெய்ப்பிக்கச் சட்டம் இடமளித்தது. ஊர்ப்பேச்சு ஏட்டில் ஏறிவிட்டால் அதற்குச் சான்றின் தோற்றம் வந்துவிடும். அடுத்த நடவடிக்கைக்கு அந்த ஏடே சான்றாகும்.

கரக் சிங் வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டார். ஆயினும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறக்கப்பட்டது. ஊர்க்காவலரும் போலீசாரும் நள்ளிரவில் கதவைத் தட்டி அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்தனர். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த இரவு வருகைகளைச் செல்லாதவை என்றது. மற்ற கண்காணிப்புகளை விட்டுவைத்தது. அந்தரங்க உரிமை அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் அன்று சொன்னதை ஒன்பது நீதிபதிகள் அமர்வு திருத்த 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 மே மாதத்தில், தில்லிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தொடுத்த வழக்கில், சரித்திரப் பதிவேடு காவல்துறையின் உள் ஆவணமே. அது பொதுவெளிக்கு வரக் கூடாது. குற்றத்தில் தொடர்பற்ற சிறாரின் விவரங்கள் அதில் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சீர்மரபினர் ஆகியோரின் பெயர்கள் இயந்திர கதியில் அதில் ஏற்றப்படுவதையும் கவலையோடு சுட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில், சிறைப் பதிவேடுகளின் சாதிப் பத்தியை நீக்க ஆணையிட்டது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். இன்று ஒரு குடிமகன் எவற்றைப் பார்க்கலாம்?

முதலாவது, முதல் தகவல் அறிக்கை. 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும். இணைய வசதி குன்றிய இடங்களில் கூடுதல் அவகாசம் உண்டு. பாலியல் குற்றங்கள், சிறார் தொடர்பானவை, பயங்கரவாதம் போன்ற நுண்ணுணர்வு மிக்க வழக்குகளுக்கு விலக்கு உண்டு. மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் ஆகியவை தெரிந்தால் தேடலாம். இந்தத் தீர்ப்பு யாருக்காகப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்பதை அறிய முடியாமல் தவித்த குற்றம் சாட்டப்பட்டவருக்காகவே அந்தக் கதவு திறந்தது. அதே கதவின் வழியே ஊரார் அவரை எட்டிப் பார்ப்பது உடன்விளைவு.

இரண்டாவது, நீதிமன்றப் பதிவு. மாவட்ட நீதிமன்றங்களின் இணையதளத்தில் 16 இலக்க வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், தரப்பினர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். அந்த வழக்கு எண் இல்லாதபோது மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று படிப்படியாக இறங்கியே தேட முடியும். ‘முடிந்தது’ என்ற குறிப்பைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். தண்டனையும் விடுதலையும் சமரசமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆணையைத் திறந்து படிக்க வேண்டும். பிறகு மேல்முறையீடு உண்டா என்று பார்க்க வேண்டும். வழக்கில் தொடர்பற்ற ஒருவர் சான்றிட்ட நகல் பெறுவதற்கு அந்தந்த உயர்நீதிமன்ற விதிகளின்படி காரணம் கூறி மனு செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு மாற்றுவழி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவுபடுத்தியது.

மூன்றாவது, வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம். 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின் தேர்தலில் நிற்போர் தம்மேல் உள்ள வழக்குகளை 26ஆம் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அவற்றை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்த வேண்டும் என்று 2018 தீர்ப்பும், அத்தகையவரை ஏன் தேர்ந்தோம் எனக் கட்சிகள் காரணம் சொல்ல வேண்டும் என்று 2020 தீர்ப்பும் கூறின. குற்றப் பதிவு கீழிருப்போரைப் பார்க்க மட்டுமே பயன்பட்ட நாட்டில், மேலிருப்போரைக் குடிமக்கள் பார்ப்பதற்காக எழுந்த பதிவு இது.

இவற்றுக்கு அப்பால் உள்ளவை பொதுப் பார்வைக்கு இல்லை. 2009இல் ஒப்புதல் பெற்று காவல் நிலையங்களை இணைத்த தேசிய வலையமைப்பின் முழுத் தரவு காவல்துறைக்கு உரியது. 2018இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளத்தையும் சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். சிறார் நீதிச் சட்டம் சிறாரின் பழைய பதிவுகள் வெளிப்படுவதைத் தடுக்கிறது. 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டம் உடலளவுப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் எல்லா முறையீடுகளும் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடாதவரை, அவற்றை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

வரலாற்று மாணவருக்கு ஒரு தனிவழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு, மனு செய்யும் நாளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவற்றுக்கு, நாட்டின் இறையாண்மை, அமைச்சரவை ஆவணங்கள் போன்ற மூன்று விலக்குகளைத் தவிர மற்றவை பொருந்தாது என்கிறது. இன்னும் பழையவற்றுக்கு ஆவணக் காப்பகங்கள் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறைக் கோப்புகளும், மாநிலக் காப்பகங்களின் காவல், நீதித்துறை நடவடிக்கைக் கோப்புகளும், ஆண்டு நிர்வாக அறிக்கைகளும் இத்துறையின் அடிப்படைச் சான்றுகள்.

தேடக் கற்ற பின் வாசிக்கக் கற்க வேண்டும். என் அனுபவத்தில் நான்கு எச்சரிக்கைகள் போதும். முதலில், ஒவ்வொரு வரியும் வழக்கின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்: ஐயம், குற்றச்சாட்டு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேல்முறையீடு. இரண்டாவது, பெயரை நம்பாதீர்கள். ஒரே வங்காளப் பெயர் ரோமன் எழுத்தில் மூன்று விதமாக வரும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருப்பர். தந்தை பெயர், ஊர், வயது ஆகியவை ஒருங்கே பொருந்தாமல் முடிவு செய்யக் கூடாது. மூன்றாவது, ஒரு சமூகத்தின் பெயர் ஏட்டில் மிகுதியாகக் காணப்பட்டால், அது அவர்கள் எவ்வளவு குற்றம் செய்தார்கள் என்பதற்கு முன்பாக, அவர்கள் எவ்வளவு கண்காணிக்கப்பட்டார்கள் என்பதையே காட்டும். நாள்தோறும் ஆஜர் சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்டவர் ஒருநாள் வராவிட்டால், அதுவே ஒரு குற்றமாகப் பதிவாகும். அத்தகைய பதிவுகளைக் கூட்டி ‘குற்ற விகிதம்’ கண்டால், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் முடிவையே நாம் புள்ளிவிவரமாக மறுபடி எழுதியவர்களாவோம்.

நான்காவது எச்சரிக்கை எனக்கே நேர்ந்த ஒன்றிலிருந்து வருவது. ஆய்வின் தொடக்க ஆண்டுகளில், 1920களின் பதிவேடு ஒன்றிலிருந்து பெயர்களையும் ஊர்களையும் அப்படியே படியெடுத்து ஒரு கருத்தரங்கில் திரையிட்டேன். அவ்வளவு பழைய ஆவணத்தால் யாருக்கு என்ன கேடு என்பது என் எண்ணம். அமர்வு முடிந்ததும் ஒரு மாணவி வந்தார். “மூன்றாவது வரியில் இருப்பவர் என் கொள்ளுப்பாட்டனார். அந்த ஊரில் எங்கள் தெருவை இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றுவரை அது என்னை விட்டு அகலவில்லை. அதன்பின் பெயர்களைக் குறியீடாக்காமல் எந்தப் பதிவையும் நான் வெளியிட்டதில்லை.

அந்த மாணவியின் குடும்பத்திடம் பின்னர் ஒரு பழைய நிலப்பத்திரமும், சாட்சி சொல்ல வந்த தாத்தாவின் கதையும், ஊரைவிட்டு ஓடிய பாட்டியின் பாடலும் இருந்ததை அறிந்தேன். அரசு எழுதிய சரித்திரத்தில் அவர்களுக்கு ஒற்றை வரியே இருந்தது. ஏட்டை மட்டும் வாசித்து எழுதியிருந்தால் நானும் அந்த ஒற்றை வரியையே நீட்டியிருப்பேன்.

என்னிடம் வந்த மாணவர் இப்போது தம் அட்டவணையைத் திருத்தி எழுதுகிறார். பெயர்ப் பத்தி குறியீடாகிவிட்டது. ‘வழக்கின் கட்டம்’, ‘முடிவு’, ‘யார் புகார்’ என மூன்று பத்திகள் புதிதாகச் சேர்ந்துள்ளன. நான்காவதாக அவரே ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: ‘இவர் தரப்பு எங்கேனும் பதிவாகியுள்ளதா?’ இதுவரை அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பவே அடுத்த மாதம் அவர் அந்த ஊருக்குப் போகிறார்.